இரண்டு வட்டங்களும் ஓர் அறையும்

மார்ச் 4

அக்கா,

அன்று பேருந்து நிலையத்தில் நான் "முடியாது" என்று சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்று சொன்னேன். நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, கடைக்குப் போய் உப்பு வாங்கி வரச் சொல்வது போல, "என் ரூம் சும்மாதானே கிடக்கப்போகுது, சண்டையில இருந்து ஓடி வர்றவங்க யாருக்காவது குடுத்துடேன்" என்றாய். நான் பேருந்தின் நெற்றியில் எழுதியிருந்த ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பவள் போல நின்றேன். "போகாதே" என்றும் சொல்லவில்லை. "நானும் வருகிறேன்" என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ உடனே சரி என்று என்னையும் ஏற்றியிருப்பாய், அந்தப் பயம்தான்.

உன் தையல் இயந்திரத்தின் சத்தம் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. சின்ன வயதிலிருந்து அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் படித்திருக்கிறேன். நிம்மதியாகப் படிக்கலாம் என்று பார்த்தால் ஒரு பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. ஜன்னலுக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன், அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கிறேன். அணைத்துத்தான் இருக்கிறேன்.

உன் அலைபேசி அடிக்கவே இல்லை. உன் பக்கம் சாமான் ஏற்றிப்போகும் வண்டிக்காரரைக் கேட்டேன். "அந்தப் பக்கம் டவர் விழுந்துடுச்சும்மா, இனிமே கடுதாசிதான். என்கிட்ட குடுங்க" என்றார். நூலகத்துக்குப் பின்னாலிருந்து அவர் வண்டி கிளம்புகிறது. டீசல் கிடைத்த அன்று கிளம்பும், கிடைக்காவிட்டால் இல்லை. இந்தக் கடிதத்தோடு பெட்டிகளும் ஏற்றியிருக்கிறேன், வண்டியில் பாதி என்னுடையது. நம் தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். நான், அக்கா. கதவைத் தட்டி, முன்பின் தெரியாதவர்களிடம் வாயைத் திறந்து. எல்லோரும் அள்ளிக் கொடுத்தார்கள். கீழே வீட்டுக்காரம்மா தன் அலமாரியையே காலி செய்துவிட்டார். "சண்டையில மாட்டுனவங்களுக்குன்னா குடுக்காம இருக்க முடியுமா" என்றார்.

பெட்டிகள் வந்ததும் எழுது.

எலி


மார்ச் 13

ஏய் எலி,

பெட்டிகள் வந்தன. முதலில் நன்றி. இனி திட்டு.

வீட்டுக்காரம்மா கொடுத்ததில் பாதி, கல்யாணத்துக்குப் போடும் பளபளா உடுப்பு. அடியில் குதிகால் உயர்ந்த செருப்பு ஒன்று, ஆமாம், ஒன்றுதான். இன்னொரு பெட்டியில் பாதி குடித்த இருமல் மருந்து கொட்டி எல்லாத் துணியும் பிசுபிசு. யாரோ ஒரு புண்ணியவான் நீச்சல் உடை கொடுத்திருக்கிறார். இங்கே தண்ணீர் லாரி வந்தால்தான் முகமே கழுவுகிறோம். மூன்று பேர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பிரித்தோம். அந்த நேரத்தில் எத்தனை பேருக்கு இடுப்பு பிடித்துத் தைத்திருப்பேன் தெரியுமா? எல்லோரும் இளைத்துப்போய் வந்திருக்கிறார்கள், போட்டிருப்பது எதுவும் இடுப்பில் நிற்கவில்லை. நமக்கு வேண்டாததைத் தூக்கிக் கொடுப்பதற்குப் பெயர் வீடு பெருக்குவது.

துணி போதும். அனுப்பியே தீருவேன் என்றால் ஒரு பெட்டிக்கு ஒரே வகை, உள்ளே என்ன என்று வெளியே பெரிய எழுத்தில். செருப்பை ஜோடியாகக் கட்டு. உள்ளாடை புதிதாக இருக்கட்டும், அடுத்தவர் பழையதை நீ போடுவாயா? மாதவிலக்குக்கு வேண்டியவை அனுப்பு. அதைக் கேட்க இங்கே வெட்கப்படுகிறார்கள், கொடுக்க அங்கே வெட்கப்படுகிறார்கள், நடுவில் சில பெண்கள் மூலையைவிட்டு எழுந்திருக்காமல் இருக்கிறார்கள்.

அப்புறம் மூக்குக் கண்ணாடி. உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடும்போது யார் கண்ணாடியைத் தேடுவார்கள்? நாங்கள் இருப்பது ஒரு பழைய ஓட்டுக் கிடங்கு. வாசலில் ஒரு பலகை, வேறு இடங்களில் கிடைத்தவர்களின் பெயர்களை அதில் ஒட்டுவார்கள். ஒரு அம்மா மகன் பெயரைத் தேடுகிறார். எழுத்து தெரியும், கண்தான் தெரியவில்லை. தினம் ஒருவரைப் பிடித்துப் படிக்கச் சொல்கிறார். தினமும் வேறு ஆள். நேற்றைய ஆள் சரியாகப் படிக்கவில்லையோ என்று சந்தேகம்.

கண் டாக்டர் ஒருவர் வந்தார். அவர் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்து பவர் எண்ணைச் சொல்லச் சொல்ல நான்தான் சீட்டு போட்டேன். ஆளுக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு இரண்டு வட்டம், வட்டத்துக்குள் எண். படம் போட்டுக் குறிப்பது எனக்குப் பழக்கம்தானே. சீட்டுகள் இத்துடன் இருக்கின்றன. கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் தங்கை எதற்கு இருக்கிறாள்?

என் அறை என்னாயிற்று? உன் "பார்க்கலாம்" எனக்குத் தெரியாதா.

அக்கா


மார்ச் 22

அக்கா,

திட்டியது நல்லதுதான். நீ திட்டிய பிறகுதான் ஓர் இரவு நன்றாகத் தூங்கினேன்.

கண்ணாடி கேட்டுப் போனதில் ஒன்று தெரிந்துகொண்டேன். எல்லா வீட்டிலும் எங்கோ ஒரு மேசை இழுப்பறையில் பழைய கண்ணாடி ஒன்று கிடக்கிறது. தூக்கிப் போட யாருக்கும் மனம் வராது, யாரும் போட்டுக்கொள்வதும் இல்லை. கொடுக்கும் முன் ஒவ்வொருவரும் அதைக் கடைசியாக ஒருமுறை மாட்டிப் பார்க்கிறார்கள். பிறகு கழற்றி, துடைத்து, "யாராவது போட்டுக்கட்டும்" என்று நீட்டுகிறார்கள். உடுப்புக் கொடுத்தபோது யாரும் இப்படித் தயங்கவில்லை.

முதலாளி மேசையைப் பார்த்து, "இது என்ன, பழைய இரும்புக் கடையா?" என்றார். சொன்னேன். "சரி, சாப்பாட்டு நேரத்துல பண்ணு. கஸ்டமர் கண்ணுல இந்தக் குப்பை படக்கூடாது" என்றார். மறுநாள் சாப்பிட்டுவிட்டு வந்தால், அவரே உட்கார்ந்து திருகாணிகளை இறுக்கிக்கொண்டிருக்கிறார். "லூசா இருந்தா நம்ம கடைப் பேருதானே கெடும்" என்று என்னைப் பார்க்காமலே சொன்னார்.

ஒவ்வொரு கண்ணாடிக்கும் பவர் அளந்து, உன் சீட்டுக்கு எது அருகில் வருகிறதோ அதைத் தேர்ந்து, சீட்டையே அதன் காதில் மாட்டும் காம்பில் கட்டியிருக்கிறேன். கிட்டத்தட்ட எல்லாச் சீட்டுக்கும் ஜோடி கிடைத்துவிட்டது. ஒன்று மட்டும் படுத்தியது. ஒரு வட்டத்தில் மைனஸ் இரண்டரை, இன்னொன்றில் மைனஸ் ஆறு. இப்படி ஒரு கண்ணாடி யார் வீட்டிலும் இல்லை. இரண்டு கண்ணாடிகளிலிருந்து ஒவ்வொரு லென்ஸாக எடுத்து, ஓரம் தேய்த்து, ஒரே பிரேமில் உட்காரவைத்தேன். அது யாருடையது என்று எழுது. ஏனோ, அந்தக் கண்களை எனக்குத் தெரியும் போல இருக்கிறது.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், சரிபார்த்துக்கொள்.

அறைக்கு வீட்டுக்காரம்மா ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். பார்க்கலாம்.

எலி


ஏப்ரல் 2

எலிக்கு,

உன் பெட்டியைப் பார்த்துவிட்டு கிடங்குப் பொறுப்பாளர், "இந்தப் பொண்ணை ஊர் ஊரா அனுப்பி எல்லாருக்கும் பாடம் எடுக்கச் சொல்லணும்" என்றார். தங்கை என்று சொல்லிக்கொண்டேன்.

பலகை அம்மாவுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டேன். நேராகப் பலகைக்குப் போய், மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். திரும்பி வந்து, "இல்ல. எல்லாரும் சொன்னது சரிதான்" என்றார். அன்றைக்குத்தான் தட்டில் போட்டதை முழுக்கச் சாப்பிட்டார். இதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீதான் படித்தவள், நீ சொல்.

உன்னைப் படுத்திய அந்தக் கண்ணாடி பஸ்காரம்மாவுடையது. நகரப் பேருந்து ஓட்டியவர். குண்டு விழுந்த அன்று பேருந்தில் இருந்தவர்களை எங்கே இறக்குவது என்று தெரியாமல், அப்படியே ஊரைவிட்டு வெளியே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். வழியில் முன்பக்கக் கண்ணாடி நொறுங்கியதில் மூக்குக் கண்ணாடியும் போயிற்று. மகளைப் பக்கத்தில் நிறுத்திவைத்து, அவள் சொல்லச் சொல்ல ஓட்டியிருக்கிறார். "குழி வருது. லாரி நிக்குது, தள்ளிப் போ. யாரோ கை காட்டுறாங்க, நிறுத்தாத. இப்ப நேரா இருக்கு, போலாம்." சின்னப் பெண், இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ. அன்றைக்குத் திறந்த வாயை இன்னும் மூடவில்லை. இங்கே எல்லோரும் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுகிறார்கள். சாப்பிடும்போதும் "சோறு வருது, பருப்பு வருது, இப்ப தண்ணி" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

இப்போது கேள். இந்த மாதக் கடைசியில் கிடங்கைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஊருக்குள் யாராவது "எங்கள் வீட்டில் இடம் இருக்கிறது" என்று விலாசத்தோடு எழுதிக் கொடுத்தால் அங்கே போகலாம். இல்லாதவர்களைத் தூரத்தில் எங்கேயோ கட்டியிருக்கும் கொட்டகைகளுக்கு அனுப்புவார்கள். சுற்றிலும் வெறும் பொட்டல்வெளியாம். பஸ்காரம்மா அங்கே போய் எதை ஓட்டுவார்? ஊருக்குள் இருந்தால் கண்ணைக் காட்டி உரிமம் வாங்கிக்கொள்வார், கை கால் நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்காக நீ கதை எழுத வேண்டாம். ஒரு வரி எழுது.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

ஒரு வரிதான் கேட்டாய். எழுதி எழுதிக் கிழித்துவிட்டு, இதை எழுதுகிறேன்.

வீட்டுக்காரம்மா ஒத்துக்கொள்ள மாட்டார் என்று எழுதினேன் அல்லவா? நான் அவரைக் கேட்கவே இல்லை. நேற்று கேட்டேன். "யாரு வந்தா எனக்கென்ன, மாடிப்படியில செருப்பைச் சிதறவிடாம இருந்தா சரி" என்றார். ஆக, அந்தச் சாக்கும் கையைவிட்டுப் போயிற்று.

உன் அறையில் என் புத்தகங்களை அடுக்கிவிட்டேன். உன் வெட்டும் மேசைமேல், ஜன்னல் விளிம்பில், கட்டிலுக்கடியில். கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறேன். சாத்திய கதவுக்குப் பின்னால் உட்கார்வது எனக்கு இதுதான் முதல் தடவை. உனக்கு இது விளங்காது. நீ தெருவில் நின்றுகொண்டுகூடத் துணி வெட்டுவாய். எனக்கு மனிதர்களைப் பிடிக்காது என்றில்லை. போரைப் பற்றி எத்தனை புத்தகம் படித்து அழுதிருக்கிறேன், நீ எவ்வளவு கேலி செய்திருக்கிறாய். ஆனால் அந்தப் புத்தகங்களில் இருந்த யாரும் என் குளியலறையைப் பங்கு கேட்கவில்லை.

ரேடியோ என்று நீ எழுதியதைப் படித்து அழுதேன். அதற்கு அடுத்த நொடியே, அந்தக் குழந்தை காலையில் என் கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டே இருக்கும் என்று நினைத்தேன். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், ஒன்றை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும்.

அவர்களுக்கு வேறு இடம் தேடுகிறேன். நூலகத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறேன். முதலாளியிடமும் சொல்லியிருக்கிறேன். இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறதே, பார்க்கலாம். உள்ளாடையும் மற்றதும் தனித்தனிப் பெட்டியில் வருகின்றன. மேலும் கண்ணாடி வேண்டுமென்றால் சீட்டு அனுப்பு, எவ்வளவு வேண்டுமானாலும் செய்கிறேன்.

எலி


ஏப்ரல் 16

எலி,

படித்தேன். எவ்வளவு வேண்டுமானாலும் செய்கிறாய், ஒன்றைத் தவிர. என் அறை அது, நினைவிருக்கட்டும். என் அறையைக் கொடுக்க நானே உன்னிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. இதற்கு மேல் திட்ட நேரமில்லை, மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறோம்.

சிரிக்க ஒன்று சொல்கிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் முழுக்க வசவாகப் போய்விடும். பஸ்காரம்மா நீ அனுப்பிய கண்ணாடியைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு திரிகிறார். காம்பு காதில் கொக்கி போடாமல் மேல்நோக்கி நிற்கிறது, அதனால் என்னிடம் எலாஸ்டிக் வாங்கிப் பின்னந்தலையில் கட்டிக்கொண்டிருக்கிறார். நேராகப் போட்டால் தலை வலிக்கிறதாம், படி எங்கே என்று தெரியவில்லையாம். தலைகீழாகப் போட்டால் தூரத்து மின்கம்பம்கூடப் பளிச்சென்று தெரிகிறதாம்.

"ஏம்மா, கஷ்டமா இருக்குன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சும்மா குடுத்ததுல போய்க் குத்தம் சொன்னா நல்லாவா இருக்கும்" என்றார்.

ரேடியோ வந்தவர் போனவர் எல்லோரிடமும், "எங்கம்மாவுக்கு எல்லாம் தலைகீழாப் போச்சு, அதான் கண்ணாடியும்" என்று அறிவித்துக்கொண்டிருக்கிறாள். கிடங்கே சிரிக்கிறது. எனக்கென்னவோ அந்த வெடிச் சத்தத்தில் அவருக்குத் தலைக்குள் ஏதோ கலங்கியிருக்கும் என்று தோன்றுகிறது, பாவம். வேறு சிலரும் தலைவலி என்கிறார்கள். புதுக் கண்ணாடி பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். சரிதானே?

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

சரியில்லை. நிறுத்து.

கண்ணாடியைத் தலைகீழாகத் திருப்பினால் வலது லென்ஸ் இடது கண்ணுக்கு வரும், இடது வலதுக்குப் போகும். பஸ்காரம்மாவின் தலைக்குள் ஒரு கலக்கமும் இல்லை. நான்தான் மாற்றிப் பொருத்தியிருக்கிறேன். அவருக்கு மட்டும் அல்ல, எல்லோருக்கும்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படித்த இடத்திலேயே ஒரு கண்ணாடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். முதலாளி, "என்ன, பேய் அடிச்ச மாதிரி நிக்கறே?" என்றார். சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். கடையில் நாங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தபடி எழுதுவோம். அவருடைய வலது கண் தாளில் இடப்பக்கம் வரும். உன் வட்டங்களையும் அப்படியே படித்துவிட்டேன். நீ எப்படி வரைந்திருப்பாய் என்று யோசிக்கவே இல்லை.

உன் மேசைமேல், என் புத்தகங்களுக்கு அடியில், எனக்கென்று நீ பாதி வெட்டிப்போட்ட சட்டைத் துணி இருந்தது. புத்தகங்களைத் தள்ளிவிட்டு விரித்தேன். சுண்ணக் குறி எல்லாம் துணியின் உள்பக்கத்தில் இருக்கிறது. என் இடது தோளுக்கான துண்டு இடப்பக்கமே கிடந்தது, நான் அந்தச் சட்டைக்குள் நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. நீ எப்போதும் போட்டுக்கொள்பவர் பக்கத்திலிருந்துதான் வரைந்திருக்கிறாய். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

செய்ய வேண்டியது இது. தலைவலி என்றவர்களை மட்டும் கூப்பிடாதே, சொல்லாதவர்களையும் கூப்பிடு. இலவசமாக வந்ததைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஒவ்வொருவரையும் தூரத்தில் ஏதாவது படிக்கச் சொல், பிறகு கண்ணாடியைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்கச் சொல். எது தேவலை என்று கேள். கேட்டுவிட்டு முகத்தைப் பார். வட்டப் பிரேம் என்றால் லென்ஸைக் கழற்றி இடம் மாற்றிவிடலாம், சின்னத் திருப்புளி அனுப்புகிறேன். மற்றவற்றைத் திருப்பி அனுப்பு. முதலாளி கடையை அரை நாள் சாத்திவிட்டு உட்காரலாம் என்கிறார்.

இன்னொன்று. இடம் இருக்கிறது. பஸ்காரம்மாவுக்கும் ரேடியோவுக்கும். தனித் தாளில் விலாசத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன், அதைக் காட்டு. புத்தகங்களைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன், நடக்க வழியில்லை. ஏன் மாறினேன் என்று கேட்காதே. நான் செய்த தவறை அந்த அம்மா வாயை மூடிக்கொண்டு தலையில் எலாஸ்டிக்கால் கட்டிக்கொண்டு நடந்தார் என்பதைத் தாங்க முடியவில்லை. இங்கே வந்து, குழாய் ஒழுகுகிறது, ஜன்னல் சாத்தவில்லை, உனக்கு மரியாதை தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லட்டும்.

வண்டி ஹாரன் அடிக்கிறது. இன்று டீசல் கிடைத்திருக்கிறது.

எலி


ஏப்ரல் 27

எலி,

உன் கடிதமும் அந்தத் தாளும் என் கைக்கு வந்தபோது நான் கிடங்கின் தரையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசி என்றார்கள் அல்லவா? போகும் வழியிலுள்ள பாலத்தை மூடப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் ஒரே நாளில் பெரும்பாலோரை ஏற்றிவிட்டார்கள். உன் வண்டி வருவதற்கு இரண்டு நாள் முன்னால். யார் எந்தக் கொட்டகைக்கு என்று கேட்டேன், "அங்கே போனாத்தான் தெரியும்" என்றார்கள். மூன்று இடம் இருக்கிறதாம்.

நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். என் அறையைப் பற்றிப் பஸ்காரம்மாவிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன். ரேடியோ தினமும் கேட்பாள், "அந்த அக்கா வீட்ல மாடிப்படி இருக்கா? எங்கம்மாவுக்கு நான் படி சொல்லணுமே" என்று. ஏற்றும் அன்று பஸ்காரம்மா வரிசையில் எல்லோருக்கும் வழிவிட்டுவிட்டுக் கடைசியில் நின்றார். உன்னிடமிருந்து ஏதாவது வந்ததா என்று கேட்கவில்லை. "வர்றேன் தாயி, எலாஸ்டிக்குக்கு நன்றி" என்று மட்டும் சொன்னார். ரேடியோ போய் ஓட்டுநருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். வண்டி திரும்பும்வரை அவள் குரல் கேட்டது. "நேரா இருக்கு, போலாம்."

எல்லாவற்றையும் உன் தோளிலேயே போட்டுக்கொள்ளாதே. வட்டம் போட்டது நான். டாக்டர் எண்ணைச் சொன்னார், நான் சட்டை வெட்டினேன். இங்கே மிச்சம் இருப்பவர்களைக் கூப்பிட்டு நீ சொன்னபடி பார்த்தேன். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் முதலில் "நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். முகத்தைப் பார்த்துப் பார்த்து வாங்கியவை இந்தப் பெட்டியில் வருகின்றன.

பலகை அம்மா போகவில்லை. பலகையைக் கழற்றும்வரை நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இரண்டு கண்ணும் ஒரே எண், உன் தவறும் என் தவறும் அவரைத் தொடவில்லை. நம் ஊரில் காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகம் இருக்கிறது என்று சொன்னதும் எழுந்து நின்றார். உன் தாள் என்னிடம்தான் இருக்கிறது. அதில் வேறு ஆட்களுக்கு என்று எழுதியிருக்கிறாய். பெயரை அடித்துவிட்டு இவரை எழுத எனக்குக் கை வரவில்லை. நீயே இன்னொன்று எழுது. அறை இன்னும் காலியாக இருந்தால்.

அக்கா


ஆகஸ்ட் 11

அக்கா,

கிடங்கு மூடியபின் நீ போய்ச் சேர்ந்திருக்கும் புது இடத்துக்கு வண்டி போகத் தொடங்கிவிட்டது என்று இன்றுதான் சொன்னார்கள். இத்தனை மாதமாக எழுதி அனுப்ப முடியாததைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

இன்னொரு தாள் அன்றைக்கே எழுதினேன், அது உனக்குத் தெரியும். பலகை அம்மா மே மாதம் வந்தார். வந்த மறுநாள் காலையில், "குழாய் ஒழுகுதே, கவனிக்க மாட்டியா" என்றார். நான் சிரித்ததைப் பார்த்து, "இதுல என்ன சிரிப்பு" என்றார். குழாயைச் சரிசெய்துவிட்டேன். ஜன்னல், வாளி, என் தேநீர், நான் கதவைச் சாத்தும் விதம், எதையும் விட்டுவைக்கவில்லை. காலையில் அலுவலகத்துப் பலகைக்குப் போகிறார், திரும்பி வந்து கண்ணாடியைத் துடைத்து மேசைமேல் வைக்கிறார். எனக்குப் பாதி வெட்டிய சட்டையை அவர்தான் தைத்து முடித்தார். ஒரு கை மட்டும் நீளம். மகன் பெயர் இதுவரை வரவில்லை.

நீ அனுப்பிய கண்ணாடிகளை முதலாளியும் நானும் சரிசெய்து அனுப்பிவிட்டோம். இப்போது சீட்டில் நாங்கள் வட்டம் போடுவதில்லை, "வலது", "இடது" என்று சொல்லாகவே எழுதுகிறோம்.

பஸ்காரம்மாவுக்கு ஒரே மாதிரி மூன்று கண்ணாடி செய்தேன். நேராகப் போட்டுக்கொள்ளும்படி. ஒவ்வொன்றோடும் நம் விலாசத்தையும், "இடம் இருக்கிறது" என்ற வரியையும் வைத்து, மூன்று கொட்டகைகளுக்கும் தனித்தனியாக அனுப்பினேன். பெறுபவர் அங்கே இல்லையென்றால் பொட்டலம் திரும்பி வந்துவிடும்.

முதலாவது ஜூன் மாதம் திரும்பி வந்தது. இரண்டாவது போன வாரம் வந்தது. மூன்றாவது வரவில்லை.

எலி